பாரம் தெரியும் முன்பே

17 ஆகஸ்ட் 2019, சனி

இன்று தண்ணீரில் இறங்கியவர்கள்: என் கணவர் எர்வின், அவர் தம்பி டெல்பர்ட், நான். மூன்றே பேர். டெல்பர்ட்டின் படகு நங்கூரத்தில் தனியாகக் கிடந்தது. காற்று தென்கிழக்கு, மிதம். மேகமூட்டம். தண்ணீரின் சூடு எண்பத்தெட்டு ஃபாரன்ஹீட். கடல் ஏற்றம் இரண்டேகாலுக்குத் தொடங்கியது. காலையில் ஜெபமாலை ஒரு சுற்று சொன்னேன். மாலையில் மீன் கழுவவே நேரம் சரியாக இருந்தது, மாலைச் சுற்றை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

நானாகக் கேட்டுத்தான் போனேன். முப்பத்தைந்து வருடமாக அவர் கொண்டுவரும் மீனை அறுத்து, தோல் உரித்து, பையில் தேதி எழுதி உறைபெட்டியில் அடுக்குகிறவள் நான். அது தண்ணீர்மேல் எப்படி வாய் வைக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. "கல்யாண நாளுக்கு என்ன வேணும்?" என்று எர்வின் கேட்டார். "நானும் வரேன்" என்றேன். தன் முடிவெட்டும் கடையில் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் வியாழனன்று எனக்கென்றே ஒரு பொய்மீன் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். என் நடுவிரல் நீளம், எலும்பு நிறம். ஆட்டினால் உள்ளே குண்டு கிலுகிலுக்கும். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று, மும்முள் கொக்கிகள். இது மூழ்காத வகை. தூண்டில்கோல் நுனியைத் தட்டித் தட்டி நரம்பைச் சுருட்டினால் தண்ணீர்மேலேயே இடதும் வலதுமாகத் தலையாட்டி வரும், அடிபட்ட மீன் தப்பிக்கப் பார்ப்பது மாதிரி.

தொடையளவுத் தண்ணீர், புல்திட்டின் ஓரம். திருக்கையை மிதித்துவிடாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தோம். டெல்பர்ட் தள்ளி நின்றான். எர்வின் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று எனக்கு இடதுபக்கம், கொஞ்சம் முன்னால், கிட்டத்திலேயே நின்றார்.

ஒன்றை மட்டும் நாலு தடவை சொன்னார். "மீன் மேல பாஞ்சு தண்ணி வெடிச்ச உடனே இழுக்காத, ரோஸி. சத்தம் கேட்டதும் கை தானா துடிக்கும். விடாத. மீனோட பாரம் கையில தெரியணும். அதுக்கப்புறம் இழு."

டெல்பர்ட் அங்கிருந்தே கத்தினான்: "அண்ணி, அண்ணனை முப்பத்தைஞ்சு வருஷம் பொறுத்துட்டீங்க. மூணு நொடி பொறுக்க மாட்டீங்களா?"

"உன் வாயிலதான் முதல்ல கொக்கி மாட்டணும்" என்றேன்.

மூன்று நாற்பதுக்கு என் பொய்மீனுக்கு அடியில் தண்ணீர் வெடித்தது. சொல்லித்தான் இருந்தார்கள், இருந்தாலும் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைச் சிமெண்ட் தரையில் அறைந்த சத்தம். நான் இழுத்துவிட்டேன். கையில் பாரமே தெரியவில்லை. மீன் வாயில் மாட்டாத பொய்மீன் தண்ணீரைவிட்டுக் கிளம்பி நேரே எங்கள் பக்கம் பறந்து வந்தது. எர்வின் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். வலது புறங்கையில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், இரண்டு முள்.

அவர் கத்தவில்லை. "சரி, ஒண்ணு பிடிச்சிட்ட" என்றார்.

டெல்பர்ட் வந்து அங்கேயே எடுத்தான். கொக்கி வளைவில் ஒரு துண்டு நரம்பைச் சுற்றி, தண்டைக் கீழே அமுக்கி, வெடுக்கென்று பறிப்பது இவர்கள் வழக்கம். "மூணு சொன்னதும் இழுப்பேன்" என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே பறித்துவிட்டான். இரண்டாவது முள்ளுக்கு எர்வின், "நீ எண்ணவே வேண்டாம்டா" என்றார். ரத்தம் அதிகமில்லை.

நான் "போகலாம்" என்றேன். புண்ணுக்கு ஊற்ற டெல்பர்ட் படகில் மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறான். ஆனால் சுற்றிலும் மீன் வெடித்துக்கொண்டிருந்தது. "இப்படி ஒரு மத்தியானம் வருஷத்துக்கு ஒருதடவைகூட அமையாது. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் எர்வின். நாலு பத்துக்கு எனக்கு ஒரு ரெட்ஃபிஷ் மாட்டியது. இருபத்தாறு அங்குலம். இந்தத் தடவை பொறுத்தேன். பாரம் தெரிந்தது. எர்வின் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அதற்குப்பிறகு நான் "போகலாம்" என்று சொல்லவில்லை.

படகுக்குத் திரும்பி மருந்து ஊற்றியது ஐந்து இருபத்தைந்து.

மொத்தம் ரெட்ஃபிஷ் ஐந்து, டிரவுட் எட்டு. அறுத்து அடுக்கியது பதினொரு பைகள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் கை வீங்கியிருந்தது. வீக்கத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லை. வீக்கம் கொஞ்சம், வலி உயிர்போகிற மாதிரி. "பூசை முடிஞ்சு பாக்கலாம்" என்றார். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சமாதானம் சொல்லும்போது பக்கத்திலிருந்தவருக்கு இடதுகையை நீட்டினார். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது பல் தந்தியடித்தது. வெளியே தொண்ணூற்றாறு டிகிரி வெயில்.

நான் வண்டியை வீட்டுப்பக்கம் திருப்பவில்லை. அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மதியம் 12:20. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினாள். மணிக்கட்டு. 1:05, கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை. இன்னொரு கோடு. 1:50, முன்னங்கையில் பாதி. ஊதா நிறத்தில் கொப்புளம். நானும் இதில் குறித்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்வேன்?

கோடையில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமியாம். எல்லோரையும் பிடிக்காது. சர்க்கரையும் ஈரல் கோளாறும் உள்ளவர்களைப் பிடித்தால் விடாது. எர்வினுக்கு இரண்டும் உண்டு. புண்ணோடு விரிகுடாவில் இறங்காதே என்று போன வருடமே டாக்டர் சொன்னார். அவர் இறங்கும்போது புண் இல்லையே. புண் தண்ணீரில்தானே—

டாக்டர் கேட்டார்: "எப்படி ஆச்சு?"

எர்வின் என்னைப் பார்க்கவில்லை. "என்னோட பொய்மீன்தான். அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? தெரியவில்லை. டெல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு ஹெலிகாப்டரில் ஹூஸ்டனுக்கு எடுத்துப்போனார்கள். அதில் எனக்கு இடமில்லை. சாலைவழியாக இரண்டேகால் மணி நேரம். டெல்பர்ட் ஓட்டினான். ஜெபமாலையை வீட்டிலேயே விட்டுவந்திருக்கிறேன். விரலில் எண்ணினேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

காலை ஒன்பதுக்கு நினைவோடு இருந்தார். அறுத்துச் சுத்தம் செய்த கை துணிக்கட்டுக்குள் இருந்தது. சிவப்பு முழங்கையைத் தொட்டுவிட்டது.

"ரோஸி, கிட்ட வா. கையை எடுக்க விடாத."

"பேசாம படு."

"நான் கத்தரி பிடிக்கிறவன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். கையில்லாம என்னை எழுப்புறதா இருந்தா எழுப்பவே வேண்டாம். சரின்னு சொல்லு."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் நெற்றியைத் துடைத்தேன். டெல்பர்ட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மதியம் ஒன்றுக்கு அவருக்கு நினைவு இல்லை. தொண்டையில் குழாய். அறுவை டாக்டர் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நேராகச் சொன்னாள்: "முழங்கைக்கு மேல எடுக்கணும். எடுத்தாலும் பிழைப்பார்னு சத்தியம் பண்ண மாட்டேன். எடுக்கலேன்னா சாயங்காலம் தாண்டாது. அவர் எதுவும் எழுதி வைக்கல. நீங்கதான் சொல்லணும்."

மகள் கார்லா வந்திருந்தாள். "போடும்மா கையெழுத்தை. எதுக்கு யோசிக்கிற?"

டெல்பர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "யோசிக்கத்தான் செய்யணும். அவர் காலையில தெளிவா சொன்னாரு. நான் என் காதால கேட்டேன். அண்ணிகிட்டயும் கேளு."

"ஜுரத்துல சொன்னதை எல்லாம் பிடிச்சிட்டிருப்பீங்களா சித்தப்பா?"

"ஜுரம் இல்லாதப்பவும் அதைத்தான் சொல்லியிருப்பாரு. உங்கப்பனை உனக்குத் தெரியாதா?"

"செத்த அப்பாவுக்கு ரெண்டு கை இருந்து என்ன பண்றது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். படித்ததெல்லாம் பங்குக்கோயில் நூலகத்தில், தனியாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படிவத்தில் எனக்குப் புரியாத சொற்கள் பதினொன்று. எண்ணினேன். புரிந்த சொற்களே போதுமானதாக இருந்தன.

ஆண்டவரே, ஏதாவது ஒன்று காட்டு என்று கேட்டேன். யாராவது கதவைத் திறந்தால்கூட அடையாளமாக எடுத்துக்கொண்டிருப்பேன். யாரும் திறக்கவில்லை. அந்தப் பெண் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

2:10க்குப் போட்டேன். என் பெயர் கோணலாக விழுந்தது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

22 ஆகஸ்ட், வியாழன்

இன்று திருமண நாள். ஜுரம் 101, 100.4, 100.8. கார்லா எனக்குச் சூப் வாங்கிவந்தாள். டெல்பர்ட் ஊருக்குப் போய்விட்டான், சொல்லிக்கொள்ளாமல்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

குழாயை எடுத்தார்கள். கண்ணைத் திறந்து முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு வலதுபக்கம். போர்வை தட்டையாக இருந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நான்தான் போட்டேன், எர்வின்" என்றேன். அவர் கேட்கும்வரை வைத்திருக்க முடியவில்லை.

முகத்தைச் சன்னல்பக்கம் திருப்பிக்கொண்டார்.

28 ஆகஸ்ட், புதன்

எல்லோரிடமும் பேசுகிறார். நர்ஸிடம் அவள் முடியை எவனோ கெடுத்துவைத்திருக்கிறான் என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கார்லாவிடம் பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டார். டெல்பர்ட் போனில் வந்தபோது பதினேழு நிமிடம் பேசினார். நான் உள்ளே நுழைந்தால் தூக்கம் வந்துவிடுகிறது அவருக்கு.

தலையணையைச் சரி செய்தால் தடுப்பதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே குடிக்கிறார்.

31 ஆகஸ்ட், சனி

துணி மாற்ற ஊருக்கு வந்தேன். கடைக் கதவில் ‘விடுமுறை’ என்று எழுதி ஒட்டினேன். வேறெதையும் எழுதக் கை வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே அவருடைய கத்தரிகள் நாலும் துடைத்தபடி இருந்தன. தொடாமல் வந்துவிட்டேன்.

மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதர் கோவா நம் பங்குக்கு வந்து இரண்டு வருடம்தான். வியட்நாமில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், தூண்டில் தெரிந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, போகலாம் என்று மறுபடி சொல்லாதது, டாக்டர்முன் வாய் திறக்காதது, கையெழுத்து.

"வாய் திறக்காதது பாவம்தாம்மா. அதை மன்னிக்கிறேன். மத்ததெல்லாம் பாவமில்லை."

"கையெழுத்து?"

"உயிரைக் காப்பாத்தினது எப்படிப் பாவமாகும்?"

"இழுத்தது?"

"அது கை துடிச்சது. நானும் இழுத்திருப்பேன்."

நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பாவம் என்றால் அதற்கு மன்னிப்பு உண்டு, பரிகாரம் உண்டு, எழுந்து போய்விடலாம். இது பாவமே இல்லையாம். அப்படியானால் இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

1 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப்பின் பங்கு மண்டபத்தில் காபி. நான் பழம் வைத்த கொலாச்சி ரொட்டித் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பின்மேசையில் ஆண்கள் நாலைந்து பேர், எல்லோரும் எர்வினிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள். எர்வினைப் பற்றித்தான் பேச்சு. கவலையாகத்தான் பேசினார்கள், ஆனால் இவர்களால் கேலி இல்லாமல் கவலைப்பட முடியாது.

"ஊர்ல பாதிப்பேருக்கு மேல்தண்ணித் தூண்டில் கத்துக்கொடுத்தவரு. பாரம் தெரியட்டும், பாரம் தெரியட்டும்னு நம்ம உயிரை வாங்குவாரு."

"கடைசில அவரே சின்னப்பையன் மாதிரி இழுத்திருக்காரு பாரு."

"வயசாச்சுய்யா. கை நடுங்கியிருக்கும்."

நாற்பது வருடம். ஒருதடவைகூட அவர் அவசரப்பட்டு இழுத்ததில்லை. இவர்கள் இனி சாகும்வரை இதையே சொல்வார்கள்.

"நான்தான் இழுத்தேன்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அது என் பொய்மீன். அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தாரு, நான் கேக்கல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கொஞ்சநேரம் கழித்து ‘கை நடுங்கியிருக்கும்’ என்று சொன்னவர் வந்து, பேசாமல் துண்டை எடுத்து, நான் கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொடுத்தார்.

கார்லாவுக்குப் போன் செய்து அவளிடமும் சொன்னேன். "அப்பா எதுக்கும்மா பொய் சொன்னாரு?" என்றாள். அதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க விடவில்லை அவர்.

4 செப்டம்பர், புதன்

மறுபடி ஹூஸ்டன். டெல்பர்ட்டும் வந்திருந்தான். என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனான்.

"அண்ணி, மண்டபத்துல சொன்னது அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரோ போன்ல சொல்லிட்டான்."

"என்ன சொன்னாரு?"

தயங்கினான். "‘அவளை யாருடா கேட்டா? ஒண்ணே ஒண்ணு அவளுக்காகச் செஞ்சு வெச்சிருந்தேன். அதையும் அவிழ்த்துப் போட்டுட்டா’ன்னாரு."

சுவரில் சாய்ந்துகொண்டேன். டெல்பர்ட் பக்கத்தில் நின்றான். பிறகு, "இன்னொண்ணு. அண்ணி, கோபப்படாதீங்க. இங்கேருந்து விடும்போது அண்ணனை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். கொஞ்ச நாள். அவர் வேணாம்னு சொல்லல" என்றான்.

"வரேன்னு சொன்னாரா?"

"அதையும் சொல்லல."

எதைச் செய்தாலும் இந்த மனிதரிடமிருந்து எதையோ பறித்துவிடுகிறேன். சும்மா இருந்தாலும்.

7 செப்டம்பர், சனி

உறைபெட்டியைத் திறந்தேன். பதினொரு பைகள், என் கையெழுத்தில், 17 ஆகஸ்ட். மூடிவிட்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

பயிற்சி கொடுக்கும் பெண் அவருக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்திருக்கிறாள், இடதுகையால் எழுதிப் பழக. அவர் தூங்கும்போது பார்த்தேன். பார்த்தது தப்புத்தான். கோடு, வட்டம், ஏபிசி, தன் பெயர் பத்துத்தடவை. வேறு எதுவும் இல்லை. என்ன தேடினேன் என்று எனக்கே தெரியும்.

10 செப்டம்பர், செவ்வாய்

இந்தக் கடிதத்தை நல்ல தாளில் படியெடுத்து நாளைக் காலை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். நேரில் சொன்னால் தூங்கிவிடுவார்.

எர்வின்,

வெள்ளிக்கிழமை காலை பத்துக்கு உன்னை விடுகிறார்கள். அன்று பதின்மூன்றாம் தேதி, ஆகாத நாள் என்று டெல்பர்ட் சொல்கிறான். அவன் படகில் பழைய குதிரை லாடம் மாட்டி வைத்திருக்கிறவன். கண்டுகொள்ளாதே.

மண்டபத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ எனக்காகச் செய்தது அது என்று அப்போது புரியவில்லை. உன்னைச் சொல்லிச் சிரித்தார்கள், என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இழுத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

கையெழுத்துக்குக் கேட்கவில்லை. பத்து நாளாக முழந்தாளிட்டு ஜெபித்துப் பார்த்தேன், வரவில்லை. மறுபடி அந்தத் தாளை என் முன்னால் வைத்தாலும் போடுவேன். வராத மன்னிப்பை உன்னிடம் பொய்யாகக் கேட்க மாட்டேன். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றால் உயிரோடு இருக்கிறாய். அது எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை.

வீட்டில் குளியலறைக் கைப்பிடியை இடதுபக்கம் மாற்றச் சொல்லிவிட்டேன். உன் இடதுகை வெளிப்பக்கம் இருக்கட்டும் என்று கட்டிலில் நான் சுவரோரம் மாறிக்கொண்டேன். சட்டைகளில் பொத்தானை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்திருக்கிறேன், ஆறு சட்டைக்கு. டெல்பர்ட் வீட்டுக்குப் போவதாக இருந்தாலும் அந்த ஆறையும் கொடுத்தனுப்புவேன். அங்கே உனக்கு மாத்திரை எந்தெந்த நேரம் என்று அவனுக்கு எழுதிக் கொடுப்பேன். குறுக்கே நிற்க மாட்டேன்.

எந்த வீடு என்று மட்டும் சொல். என்னிடம் பேச வேண்டாம், அந்த நோட்டில் எழுதினால் போதும். இடதுகை எழுத்து எப்படி இருந்தாலும் எனக்குப் புரியும். வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை என்னால் ஓட்ட முடியாது.

வியாழன் மதியத்துக்குள் பதில் வேண்டும். சீக்கிரம் எழுது.

ரோஸலி